பழைய மின்கார்: மீட்டரில் தெரியாத எண்

மாணவர்களே, வீட்டில் பழைய கார் வாங்கும் பேச்சு எழுந்தால் அப்பா முதலில் என்ன கேட்பார்? "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்றுதான் கேட்பார். பெட்ரோல் காருக்கு அது சரியான கேள்வி. மின்காருக்கு அது இரண்டாவது கேள்வி. "இதன் மின்கலத்தில் இன்னும் எவ்வளவு ஆற்றல் கொள்ளும்?" என்பதே முதலில் கேட்க வேண்டியது.

இதற்கான விடை காரின் மீட்டரில் இருக்காது. விற்பவரின் விளம்பரத்திலும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் பள்ளியில் இயற்பியல் படிக்கும் நீங்கள் அதைக் கணக்கிட்டுச் சொல்லலாம். மின்காரில் மிக விலையுயர்ந்த ஒரே பாகம் மின்கலத் தொகுதிதான். அது தளர்ந்துபோன காருக்கு நல்ல காரின் விலையைக் கொடுத்தால், குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு வீணாகும். ஆகவே இந்த வாரப் பாடம் தேர்வுக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.

பாடத்திற்கு ஓர் உண்மையான காரை எடுத்துக்கொள்வோம்: ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக், முதல் தலைமுறை. 2018இல் உலகுக்கு அறிமுகமான சிறிய கிராஸ்ஓவர் எஸ்யூவி இது. சிங்கப்பூரில் 2019 முதலும் மலேசியாவில் 2021 இறுதியிலிருந்தும் விற்பனைக்கு வந்தது.

விவரத் தாளில் என்ன இருக்கிறது?

இந்தக் கார் இரண்டு அளவு மின்கலங்களுடன் வந்தது.

சிறியது: கொள்ளளவு 39.2 கிலோவாட் மணி, மோட்டாரின் திறன் 100 கிலோவாட், டபிள்யூஎல்டிபி சோதனைப்படி ஓடுதூரம் 305 கி.மீ.

பெரியது: கொள்ளளவு 64 கிலோவாட் மணி, மோட்டாரின் திறன் 150 கிலோவாட், ஓடுதூரம் 484 கி.மீ. (முதலில் வந்த கார்களுக்கு 449 கி.மீ.)

இரண்டிலும் முறுக்குவிசை 395 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் முன்சக்கரங்களே இயங்கும். பெரிய மின்கலம் உள்ள கார் ஏறத்தாழ 1,685 கிலோ எடை. அதில் மின்கலத் தொகுதி மட்டும் ஏறத்தாழ 450 கிலோ. அதாவது காரின் எடையில் கால் பங்குக்கும் மேல் மின்கலமே.

இந்தத் தாளில் பலர் குழப்பிக்கொள்ளும் இரண்டு அலகுகள் உள்ளன. கிலோவாட் என்பது திறன். ஒரு நொடிக்கு எவ்வளவு வேகமாக ஆற்றலைச் செலவிட முடியும் என்று சொல்லும். கிலோவாட் மணி என்பது ஆற்றல். மொத்தம் எவ்வளவு இருப்பு என்று சொல்லும். தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். குழாயின் பருமன் கிலோவாட். தொட்டியின் கொள்ளளவு கிலோவாட் மணி. கார் பழையதாகும்போது குழாய் பெரும்பாலும் அப்படியே இருக்கும், தொட்டிதான் சுருங்கும். அதனால்தான் தளர்ந்த மின்கலம் உள்ள காரும் ஓட்டிப் பார்க்கும்போது புதிய கார்போலவே சீறிப் பாயும்.

64 என்ற எண் எப்படி வந்தது?

பெரிய தொகுதிக்குள் 294 லித்தியம் அயனிக் கலங்கள் உள்ளன. மூன்று மூன்று கலங்கள் பக்க இணைப்பில் ஒரு குழுவாகச் சேர்கின்றன. இப்படி 98 குழுக்கள் தொடர் இணைப்பில் நிற்கின்றன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.63 வோல்ட், அதில் 60 ஆம்பியர் மணி மின்னூட்டம் கொள்ளும்.

தொடர் இணைப்பில் மின்னழுத்தம் கூடும்: 98 × 3.63 = 356 வோல்ட்.
பக்க இணைப்பில் மின்னூட்டம் கூடும்: 3 × 60 = 180 ஆம்பியர் மணி.
ஆற்றல் = மின்னழுத்தம் × மின்னூட்டம் = 356 × 180 = 64,080 வாட் மணி, அதாவது 64 கிலோவாட் மணி.

இப்போது ஒரு கேள்வி. 98 குழுக்களில் 97 புதிதுபோல இருக்கின்றன. ஒன்றே ஒன்று தளர்ந்து 162 ஆம்பியர் மணியாகக் குறைந்துவிட்டது. மொத்தத் தொகுதியின் நிலை என்ன?

தொடர் இணைப்பில் எல்லாக் குழுக்களிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். தளர்ந்த குழு 162 ஆம்பியர் மணி கொடுத்ததும் காலியாகிவிடும். அதற்கு மேல் மின்னோட்டத்தை இழுத்தால் அக்கலம் சேதமாகும் என்பதால், காரின் கட்டுப்பாட்டுக் கணினி முழுத் தொகுதியையும் நிறுத்திவிடும். மற்ற 97 குழுக்களில் மிச்சமிருக்கும் ஆற்றல் பயன்படாது. 356 × 162 = 57,672. ஆக 64 என்று விற்கப்பட்ட தொகுதி இப்போது 57.7 தான். ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடந்தால் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம், அல்லவா? அதே கதைதான் இதுவும்.

பினாங்கு வரை போகுமா?

இந்தக் குறைவு ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்று பார்ப்போம். தைப்பூசத்திற்குக் கோலாலம்பூரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் புறப்படுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 350 கி.மீ. நெடுஞ்சாலையில் குளிரூட்டியுடன் போகும்போது 100 கி.மீ.க்கு 16 கிலோவாட் மணி செலவாகிறது என்று கொள்வோம்.

தேவைப்படும் ஆற்றல் = 3.5 × 16 = 56 கிலோவாட் மணி.

கொள்ளளவு 64 என்றால் 8 மிச்சம். நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.
கொள்ளளவு 57 என்றால் 1 மட்டுமே மிச்சம். கடைசி அரை மணி நேரம் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
கொள்ளளவு 51 என்றால் 51 ÷ 16 × 100 = 319 கி.மீ. பினாங்குப் பாலத்தை எட்டும் முன்பே கார் நின்றுவிடும்.

மூன்றும் ஒரே நிறம், ஒரே ஆண்டு, ஒரே விலை கொண்ட கார்களாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது.

வேகமும் முக்கியம். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 110க்குப் போனால், (110 ÷ 80)² = 1.89. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை; காற்றின் எதிர்ப்போ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது. ஆகவே "நான் 450 கி.மீ. ஓட்டியிருக்கிறேன்" என்று விற்பவர் சொன்னால், "எந்த வேகத்தில்?" என்று பணிவாகக் கேளுங்கள்.

மின்கலம் ஏன் தளர்கிறது?

லித்தியம் அயனிகள் இரண்டு மின்வாய்களுக்கிடையே போய் வருவதால்தான் மின்கலம் வேலை செய்கிறது. எதிர்மின்வாயில் உள்ள கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகும். அது மின்வாயைப் பாதுகாக்கிறது. அதே நேரத்தில் வளர்ந்துகொண்டே போய்க் கொஞ்சம் லித்தியத்தைத் தனக்குள் சிறைப்பிடிக்கிறது. சிறைப்பட்ட லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. இது கார் ஓடினாலும் நடக்கும், நின்றாலும் நடக்கும். ஆகவேதான் குறைவாக ஓடிய கார் என்பதால் மட்டும் மின்கலம் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இது ஒரு வேதிவினை. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று வேதியியலில் ஒரு பொது விதி சொல்வார்கள். ஆண்டு முழுவதும் 30 பாகைக்கு மேல் வெயில் காயும் நம் நாட்டில் இதை மறக்கக்கூடாது. நூறு விழுக்காடு மின்னேற்றியபடி வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் கார் விரைவில் தளரும்.

நிசான் லீஃப் காரின் தொடக்கக் கால உரிமையாளர்கள் இதை அனுபவித்தார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கடும் வெயில் அடிக்கும் பீனிக்ஸ் நகரில், ஓரிரு ஆண்டுகளிலேயே கொள்ளளவு குறைந்துவிட்டதாக 2012இல் பலர் முறையிட்டனர். அந்தத் தொடக்கக் கால லீஃப் கார்களின் மின்கலத்துக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கவில்லை. கோனாவின் மின்கலத்தில் குளிர்விக்கும் திரவம் சுற்றி ஓடுகிறது. வெப்ப நாட்டில் அது பெரிய நன்மை. எந்தப் பழைய மின்காரைப் பார்த்தாலும் "இதன் மின்கலத்தை எது குளிர்விக்கிறது?" என்று கேட்கும் பழக்கம் நல்லது.

கொள்ளளவை நாமே அளக்கலாம்

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். முறை எளிது.

காரில் 30 விழுக்காடு இருக்கும்போது விரைவு மின்னேற்ற நிலையத்தில் இணைத்து 80 விழுக்காடு வரை ஏற்றுங்கள். நிலையத்தின் திரை எத்தனை கிலோவாட் மணி கொடுத்தது என்று காட்டும். அது 30 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சிறு பங்கு கலங்களின் அகமின்தடையில் வெப்பமாகவும், குளிர்விக்கும் கருவிக்கும் போய்விடும். அதை 5 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வோம்.

மின்கலத்துக்குள் சென்றது = 30 × 0.95 = 28.5 கிலோவாட் மணி
ஏறிய அளவு = 80 − 30 = 50 விழுக்காடு
முழுக் கொள்ளளவு = 28.5 ÷ 0.50 = 57 கிலோவாட் மணி
புதிய நிலையோடு ஒப்பிட்டால் = 57 ÷ 64 = 89 விழுக்காடு

வீட்டு மின்னேற்றியில் செய்தால் இழப்பு கூடுதல். 10 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த 57 எவ்வளவு நம்பகமானது? காரின் திரை முழு எண்களை மட்டுமே காட்டுகிறது. 80 என்று காட்டினால் உண்மை அளவு 79.5க்கும் 80.5க்கும் இடையில் எங்கோ இருக்கும். 30க்கும் அப்படியே. ஆகவே வேறுபாடு 50 ± 1. பிழை 50இல் 1, அதாவது 2 விழுக்காடு. நம் விடை ஏறத்தாழ 56க்கும் 58க்கும் இடையில். நல்ல அளவீடு.

இதையே 5 விழுக்காடு மட்டும் ஏற்றிச் செய்தால்? வேறுபாடு 5 ± 1. பிழை 20 விழுக்காடு! விடை 46க்கும் 68க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து, தளர்ந்த கலமா புதிய கலமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கார்க் கடையில் "ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்" என்று 5 கி.மீ. ஓட்டக் கொடுப்பார்கள். அதில் செலவாவது 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அந்தச் சுற்றில் இருக்கை வசதி தெரியும், பிரேக் தெரியும், ஏர்கோன் தெரியும். மின்கலத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன், குறைந்தது 40 அல்லது 50 விழுக்காடு மின்னேற்றிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். ஒரு மணி நேரமும் சில பத்து ரிங்கிட்டும் செலவாகும். விற்பவர் மறுத்தால் வேறு காரைப் பார்ப்பது நல்லது.

ஓபிடி கருவியைப் பொருத்திக் கைத்தொலைபேசிச் செயலியில் மின்கல ஆரோக்கியத்தைப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் செயலி காட்டும் விழுக்காடு காரின் கணினி மதிப்பிட்ட எண். தராசில் நிறுத்த எண் அல்ல. அதைவிடப் பயனுள்ளது, அதிகபட்ச, குறைந்தபட்சக் கல மின்னழுத்தங்கள். கார் நிற்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குழு மட்டும் தெளிவாகப் பின்தங்கியிருந்தால், வரிசையில் மெதுவாக நடப்பவர் யார் என்று தெரிந்துவிடும்.

திரும்பப் பெற்ற மின்கலங்கள்

கோனா வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. தென்கொரியாவிலும் வேறு சில நாடுகளிலும் சில கோனா மின்கார்கள் தீப்பிடித்தன. 2021 பிப்ரவரியில், கோனா உள்ளிட்ட ஏறத்தாழ 82,000 மின்வாகனங்களின் மின்கலத் தொகுதிகளை மாற்றித் தருவதாக ஹூண்டாய் அறிவித்தது. செலவு ஏறத்தாழ 1 டிரில்லியன் வொன். கலங்களைத் தயாரித்தது எல்ஜி நிறுவனத்தின் சீன ஆலை. சில கலங்களில் எதிர்மின்வாயின் இணைப்புத் தகடு மடிந்திருந்ததையும், அங்கே லித்தியம் படிந்து குறுஞ்சுற்று ஏற்படும் வாய்ப்பையும் கொரிய அரசின் விசாரணை சுட்டிக்காட்டியது.

மில்லிமீட்டர் அளவு மடிப்புக்கு இத்தனை அச்சம் ஏன்? ஒரு கலத்தில் உள்ள ஆற்றல் 3.63 × 60 = 218 வாட் மணி; 3,600ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 784,000 ஜூல். 30 பாகையில் உள்ள 2.6 கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். குறுஞ்சுற்றில் இந்த ஆற்றல் ஒரு சிறு இடத்தில் வெப்பமாக வெளிப்படும். சூடு அடுத்த கலத்துக்குப் பரவும். அங்கிருந்து அதற்கடுத்ததற்கு.

ஆகவே 2018 முதல் 2020 வரை தயாரான கோனா என்றால், சேசிஸ் எண்ணை அதிகாரபூர்வ முகவரிடம் கொடுத்து, திரும்பப் பெறும் பணி முடிந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இங்கே ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. மின்கலம் மாற்றப்பட்ட 2019 கார், மாற்றப்படாத காரைவிட இளமையான மின்கலத்தோடு இருக்கும்.

உத்தரவாதத்தையும் பாருங்கள். மின்கலத்துக்குப் பல நாடுகளில் 8 ஆண்டு அல்லது 160,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. புதிய உரிமையாளருக்கும் அது தொடருமா என்பதை ஆவணத்தில் படித்து உறுதி செய்ய வேண்டும்.

மற்ற கோளாறுகள்

12 வோல்ட் மின்கலம்: 64 கிலோவாட் மணி நிறைந்திருந்தாலும் கார் உயிர்பெறாமல் போகலாம். பெரிய மின்கலத்தை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சுகளை இயக்குவது ஒரு சாதாரண 12 வோல்ட் மின்கலம். நம் வெப்பத்தில் அது சில ஆண்டுகளில் தளரும். காரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருப்பது நல்லது. கோளாறு பெரிதுபோலத் தோன்றும், செலவு சிறியது.

முன்டயர்கள்: மோட்டாரின் 395 நியூட்டன் மீட்டர், பல்சக்கரப் பெட்டியில் ஏறத்தாழ 8 மடங்காகி 3,160 ஆகிறது. சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர் என்றால், சாலையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 9,500 நியூட்டன். முன்சக்கரங்கள் தாங்கும் எடை ஏறத்தாழ 8,600 நியூட்டன். ஈரச் சாலையில் உராய்வு எண் 0.5 என்றால் டயரின் பிடிப்பு 4,300 மட்டுமே. மழையில் பெடலை முழுவதும் அழுத்தினால் டயர் வழுக்குவது இதனால்தான். முன்டயர் விரைவில் தேய்வதும் இதனால்தான்.

பல்சக்கரப் பெட்டியின் ஓசை: மெதுவாகப் போகும்போது முன்புறம் டக் டக் என்ற சத்தத்தைச் சில கோனா உரிமையாளர்கள் கேட்டிருக்கிறார்கள். எண்ணெயை மாற்றியபோது அதில் உலோகத் துகள்கள் கலந்து கறுத்திருந்ததும் உண்டு. வானொலியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டிக் கேளுங்கள்.

குளிர்விக்கும் திரவம்: பிற்காலக் கோனாக்களில் மின்சாரத்தை எளிதில் கடத்தாத தனி வகைத் திரவம் பயன்படுகிறது. தொகுதிக்குள் கசிந்தாலும் குறுஞ்சுற்று ஏற்படாமல் இருக்க அது உதவும். யாராவது கடையில் கிடைத்த சாதாரணத் திரவத்தை ஊற்றியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பராமரிப்புப் பதிவைப் பாருங்கள்.

பிரேக் தட்டு: வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி ஆற்றலைத் திரும்ப எடுக்கிறது. பிரேக்குக்கு வேலை குறைவு. தேய்மானம் குறைவது நல்லது; ஆனால் நம் ஈரக்காற்றில் பயன்படாத தட்டு துருப்பிடிக்கும்.

அடிப்பகுதியும் வெள்ளமும்: மின்கலப் பெட்டி காரின் அடியில் இருக்கிறது. வேகத்தடையில் இடித்த தடம், வளைவு, கீறல் இருக்கிறதா என்று பட்டறையில் காரை உயர்த்திப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் வெள்ளத்தில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது நினைவிருக்கும். மூழ்கிய காரின் இணைப்பிகள் மாதங்கள் கழித்தும் அரிக்கும். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துச் சேற்றுக் கறை தேடுங்கள்.

எச்சரிக்கை: காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் கண்டால் தொடாதீர்கள். அவை 350 வோல்ட்டுக்கும் மேலான நேர்மின்னோட்டம் செல்லும் கம்பிகள். பார்ப்பதும் கணக்கிடுவதும் நம் வேலை. கழற்றுவது பயிற்சி பெற்ற தொழில்நுட்பரின் வேலை.

பயிற்சி

1. சிறிய மின்கலத் தொகுதியின் மின்னழுத்தம் 327 வோல்ட், மின்னூட்டம் 120 ஆம்பியர் மணி. அதன் ஆற்றலைக் கணக்கிடுங்கள். 100 கி.மீ.க்கு 16 கிலோவாட் மணி செலவானால் கோலாலம்பூரிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்?

2. 64 கிலோவாட் மணி கோனா ஒன்றை விரைவு நிலையத்தில் 35இலிருந்து 75 விழுக்காடு வரை ஏற்ற 25 கிலோவாட் மணி பிடித்தது. இழப்பு 5 விழுக்காடு. இப்போதைய கொள்ளளவு என்ன?

3. நிற்கும்போது 360 வோல்ட் காட்டும் தொகுதி, 250 ஆம்பியர் இழுக்கும்போது 340 வோல்ட் காட்டுகிறது. அகமின்தடை எவ்வளவு? அதில் வெப்பமாக வீணாகும் திறன் எவ்வளவு?

4. கார் அ: 2019, மீட்டரில் 70,000 கி.மீ., 2021இல் மின்கலம் மாற்றப்பட்டது. கார் ஆ: 2021, மீட்டரில் 40,000 கி.மீ., தினமும் முழுதாக ஏற்றி வெயிலில் நிறுத்தப்பட்டது. எதை வாங்கச் சொல்வீர்கள்? வீட்டில் பேசிப் பாருங்கள்.

விடைகள்

1. 39.24 கிலோவாட் மணி, 245 கி.மீ. ஈப்போவைத் தாண்டிச் சிறிது தூரம்.
2. 25 × 0.95 ÷ 0.40 = 59.4 கிலோவாட் மணி. புதிய நிலையில் 93 விழுக்காடு.
3. 20 ÷ 250 = 0.08 ஓம், 250² × 0.08 = 5,000 வாட்.
4. மீட்டரை மட்டும் பார்த்தால் ஆ. மின்கலத்தின் வரலாற்றைப் பார்த்தால் அ. இரண்டையும் 50 விழுக்காடு மின்னேற்றி அளந்த பிறகே முடிவு சொல்லுங்கள்.